எஃகில் எந்த அணு எங்கே அமர்கிறது

இரும்பின் வலிமையையும் முறிவெதிர்ப்பையும் கலப்புத் தனிமங்கள் எவ்வாறு மாற்றுகின்றன என்னும் கேள்விக்கு உலோகவியல் பாடநூல்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணையையே விடையாகத் தருகின்றன. கார்பன் கடினமாக்கும், நிக்கல் உரமூட்டும், பாஸ்பரஸ் நொறுங்கச் செய்யும் என்று தனிமத்துக்கு ஒரு குணம் எழுதிவைக்கும் அந்த அட்டவணை தேர்வெழுதும் மாணவருக்கு உதவலாம். ஆனால் ஒரே சிலிக்கான் ஓர் எஃகை நொறுங்க வைப்பதும் வேறோர் எஃகுக்கு உறுதி தருவதும் ஏன் என்று கேட்டால் அட்டவணையில் விடை இல்லை. நூறாண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, தனிமத்தின் பெயரைக் காட்டிலும் அதன் அணுக்கள் இரும்புக்குள் எந்த இடத்தில் போய் அமர்கின்றன என்பதே விளைவைத் தீர்மானிப்பது புலப்படும். படிகத்தின் உள்ளே கரைந்திருப்பது, படிகமணிகளுக்கு இடையிலான எல்லையில் ஒதுங்குவது, கார்பைடாகத் திரள்வது, கந்தகத்தோடு சேர்ந்து அயற்துகளாக நிற்பது என ஒரே தனிமத்துக்குப் பல இருப்பிடங்கள் உண்டு. ஒவ்வோர் இருப்பிடத்துக்கும் ஒரு விளைவு உண்டு.

முதலில் இரண்டு அளவைகளை வரையறுத்துக்கொள்வது நல்லது. சுமையை எடுத்த பின்னும் பழைய வடிவுக்குத் திரும்பாத அளவுக்கு உலோகம் உருமாறத் தொடங்கும் தகைவு இளகு வலிமை எனப்படும். பொறியியலில் வலிமை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுவே. முறிவெதிர்ப்பு என்பதோ, ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கும் உலோகத்தில் அந்த விரிசல் திடீரென ஓடிவிடாமல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதன் அளவு. கண்ணாடியை வைத்து 1920இல் கிரிஃபித் தொடங்கிய ஆராய்ச்சியை 1957இல் இர்வின் உலோகங்களுக்கும் பொருந்துமாறு விரித்து, தகைவையும் விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கிவரும் ஓர் அளவையை வகுத்தார். அதனால்தான் அதன் அலகு மெகாபாஸ்கல்-√மீட்டர் என்னும் விந்தையான வடிவில் அமைந்திருக்கிறது. இந்த வர்க்கமூலம் நடைமுறையில் பெரும் பொருளுடையது. 800 மெகாபாஸ்கல் தகைவில் இயங்கும் ஓர் உறுப்பின் முறிவெதிர்ப்பு 60 மெகாபாஸ்கல்-√மீட்டர் என்றால், அரைநீளம் 1.8 மில்லிமீட்டர் உள்ள உட்புற விரிசல் ஒன்று அதை முறிக்கப் போதுமானது; முறிவெதிர்ப்பு இருமடங்கானால் அந்த எல்லை நான்கு மடங்காகி 7.2 மில்லிமீட்டருக்கு உயர்கிறது. முன்னதைச் சோதனைக் கருவிகள் தவறவிடலாம். பின்னது அவற்றுக்குத் தப்புவது அரிது.

முறிவெதிர்ப்பை நேரடியாக அளப்பது செலவுமிக்க வேலை என்பதால், 1901இல் சார்ப்பி செம்மைப்படுத்திய மோதல் சோதனையே இன்றும் ஆலைகளில் வழக்கில் இருக்கிறது. வெட்டுத்தடம் இட்ட சிறு சட்டத்தை ஊசல் சம்மட்டியால் அடித்து முறித்து, அதற்குச் செலவான ஆற்றலை ஜூலில் குறிக்கிறார்கள். பல வெப்பநிலைகளில் இதைச் செய்து பார்த்தால், சாதாரண எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே திடீரென நொறுங்கும் இயல்பைப் பெறுவது தெரியவரும். அதுவே மாறுநிலை வெப்பநிலை. அது எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு எஃகு நம்பத்தக்கது.

தூய இரும்பும் அதன் பலவீனமும்

தூய இரும்பின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று மொத்தமாக வழுக்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் ஃபிரெங்கல் வகுத்த முறையில் கணித்தால் விடை பல ஆயிரம் மெகாபாஸ்கலில் வருகிறது. உண்மையில் மிகத் தூய இரும்பு சில பத்து மெகாபாஸ்கலிலேயே இளகிவிடுகிறது. இந்த முரணை 1934இல் டெய்லர், ஓரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினர். படிகத்தில் அணு வரிசை ஒன்று பாதியில் முடிந்துபோகும் பிறழ்வுக்கோடுகள் இருக்கின்றன. முழு அடுக்கும் ஒரே வேளையில் நகர வேண்டியதில்லை, பெரிய சமுக்காளத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கித் தள்ளிக்கொண்டே போய் விரிப்பை நகர்த்துவதுபோல, பிறழ்வுக்கோடு நகர்ந்தாலே போதும் என்பதே அந்த விளக்கம். அப்படியானால் வலுவூட்டும் வழிகள் யாவும் பிறழ்வுக்கோட்டின் பாதையில் தடை வைப்பவையே என்றாகிறது. சிக்கல் இங்கேயே தொடங்குகிறது: விரிசலின் நுனியைச் சுற்றியுள்ள உலோகம் இளகி, கூர்மையை மழுங்கடித்து, ஆற்றலை விழுங்குவதும் அதே பிறழ்வுக்கோடுகளின் ஓட்டத்தால்தான். ஓட்டத்தை நிறுத்தினால் வலிமை கூடும். மழுங்குவதற்கு வழியில்லாமல் விரிசல் கூர்மையாகவே ஓடும்.

இரும்புக்கே உரிய இன்னொரு குணமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. 912 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இரும்பணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் நடுவிலும் அமர்ந்திருக்கும். ஃபெரைட் எனப்படும் இந்த அமைப்பில் குளிர் கூடக்கூடப் பிறழ்வுக்கோடுகள் நகர்வது விரைந்து கடினமாகி இளகு வலிமை ஏறுகிறது, ஒரு கட்டத்தில் இளகுவதற்கு முன்பே படிகம் கனசதுரத்தின் முகத்தளங்களில் பிளந்துவிடுகிறது. 912 டிகிரிக்கு மேல் அணுக்கள் முகங்களின் நடுவில் அமரும் ஆஸ்டெனைட் அமைப்புக்கு இரும்பு மாறுகிறது. மாங்கனீசோ நிக்கலோ மிகுதியாகச் சேர்த்து அந்த அமைப்பை அறை வெப்பநிலையிலும் நிலைக்கச் செய்தால் இத்தகைய பிளவு பெரும்பாலும் நேர்வதில்லை. 1882இல் ஹேட்ஃபீல்டு கண்டறிந்த, 12 விழுக்காட்டுக்கு மேல் மாங்கனீசும் ஏறத்தாழ 1.2 விழுக்காடு கார்பனும் கொண்ட எஃகு, இத்தகைய ஆஸ்டெனைட் எஃகுகளில் முதன்மையானது. அடிபட அடிபட மேற்பரப்பு இறுகி, உள்ளே உறுதி குலையாமல் நிற்கும் அந்த எஃகு இன்றும் இருப்புப்பாதைகள் குறுக்கிடும் இடங்களில் பயன்படுகிறது.

விலை கொடுத்து வாங்கும் வலிமை

ஃபெரைட்டுக்குள் கரையும் அணு, இரும்பணுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அதை மாற்றிடக் கரைசல் என்றும், இரும்பணுக்களுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளியில் நுழைந்துகொண்டால் இடைச்செருகல் கரைசல் என்றும் சொல்வர். எடையில் ஒரு விழுக்காடு சேர்த்தால் இளகு வலிமை எவ்வளவு கூடும் என்று பிக்கரிங்கும் அவருடைய உடனாய்வாளர்களும் 1960களில் தொகுத்த மதிப்புகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. மாங்கனீசுக்கு ஏறத்தாழ 32 மெகாபாஸ்கல், சிலிக்கானுக்கு 83, பாஸ்பரஸுக்கு 680 என்று அது போகிறது. நிக்கல் கரைந்து ஏதும் பெரிதாகக் கூட்டுவதில்லை. இடைச்செருகலாக நுழையும் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் ஐயாயிரத்தைத் தாண்டும் மதிப்பு வருகிறது, ஆனால் ஃபெரைட்டில் கார்பன் 727 டிகிரியில்கூட 0.02 விழுக்காடுதான் கரையும் என்பதால் அந்தப் பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

அந்த ஆய்வாளர்கள் மாறுநிலை வெப்பநிலைக்கும் ஒரு சமன்பாடு தந்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் பயனுள்ளது. ஒரு விழுக்காடு சிலிக்கான் 83 மெகாபாஸ்கலைக் கூட்டும்போது மாறுநிலை வெப்பநிலையை 44 டிகிரி உயர்த்துகிறது. கரைந்து நிற்கும் தனி நைட்ரஜன் அதைவிடக் கொடியது. அதன் அளவின் வர்க்கமூலத்தை 700ஆல் பெருக்கினால் வரும் டிகிரி அளவுக்கு மாறுநிலை ஏறும் என்பதால், 0.01 விழுக்காடே 70 டிகிரி ஏற்றிவிடும். கார்பன் ஃபெரைட்டில் கரையாமல் சிமென்டைட் என்னும் இரும்புக் கார்பைடாகப் பிரிந்து, ஃபெரைட்டோடு மெல்லிய தட்டுகளாக மாறிமாறி அடுக்கிய பெர்லைட் என்னும் அமைப்பை உண்டாக்குகிறது. பெர்லைட் ஒவ்வொரு விழுக்காடு கூடும்போதும் மாறுநிலை 2.2 டிகிரி ஏறுகிறது. அதே சமன்பாட்டில் ஒரே ஓர் உறுப்புதான் எதிர்க்குறியோடு நிற்கிறது: படிகமணியின் அளவு. மணியின் விட்டத்தை 25 மைக்ரோமீட்டரிலிருந்து 5 மைக்ரோமீட்டருக்குக் குறைத்தால் இளகு வலிமை 136 மெகாபாஸ்கல் அளவுக்குக் கூடுகிறது, மாறுநிலையோ ஏறத்தாழ 90 டிகிரி இறங்குகிறது. ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் கண்டறிந்த இந்த வர்க்கமூல உறவு, வலிமையையும் முறிவெதிர்ப்பையும் ஒருங்கே உயர்த்தும் வழி ஒன்று உண்டு என்பதை எண்களில் காட்டியது. ஒரு மணியின் எல்லையில் வந்து முட்டும் பிறழ்வுக்கோடும் நிற்கிறது, பிளவும் திசைமாறித் தடுமாறுகிறது. மணிகள் சிறுத்தால் இரண்டுக்கும் தடை பெருகுகிறது.

நைட்ரஜனைப் பற்றி இன்னும் ஒரு சொல். காட்ரெலும் பில்பியும் 1949இல் காட்டியபடி, இடைச்செருகல் அணுக்கள் பிறழ்வுக்கோடுகளைச் சுற்றி மேகம்போலத் திரண்டு அவற்றைக் கட்டிப்போடுகின்றன. வளைத்துவிட்டு வைத்த எஃகு நாளடைவில் இறுகி நொறுங்குவதற்கு இதுவே காரணம். காற்றை ஊதி எஃகாக்கிய பெஸ்ஸமர் முறையில் நைட்ரஜன் மிகுந்துவிட்டதும், அந்த முறை பின்னாளில் கைவிடப்பட்டதற்கு அது ஒரு காரணமானதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. அலுமினியத்தைச் சேர்த்து நைட்ரஜனை அலுமினிய நைட்ரைடாகக் கட்டிவிட்டால், தீங்கு நீங்குவதோடு அந்த நைட்ரைடுத் துகள்கள் மணிகள் பெருக்காமலும் தடுக்கின்றன. அதே நைட்ரஜன், இடம் மாறியதும் உதவியாகிறது.

கந்தகமும் மாங்கனீசும்

கந்தகம் இரும்பில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. இரும்புச் சல்ஃபைடாக மணி எல்லைகளில் பரவி, 988 டிகிரியிலேயே உருகிவிடுவதால், சிவக்கக் காய்ச்சி அடிக்கும்போதே இரும்பு உடைந்துபோகிறது. மாங்கனீசைச் சேர்த்தால் கந்தகம் அதனோடு கூடி, மிக உயர்ந்த வெப்பநிலையில் மட்டுமே உருகும் மாங்கனீசுச் சல்ஃபைடாக ஒதுங்குகிறது. பெஸ்ஸமர் எஃகைக் காப்பாற்றிய முஷெட்டின் பெயர் இங்கே வழக்கமாகச் சொல்லப்படும். அவருக்கு முன்பே, பரங்கிப்பேட்டையில் 1830களில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், இங்கிலாந்துக்குத் திரும்பி 1839இல் மூசை எஃகில் மாங்கனீசைச் சேர்ப்பதற்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகுத் தொழில் அதனால் பெரும் பயன் அடைந்தது, ஹீத்தோ அவ்வுரிமையைக் காக்க வழக்குமன்றங்களில் அலைந்தே ஓய்ந்தார்.

மாங்கனீசு போதாத எஃகின் நிலையை டைட்டானிக் கப்பலின் தகடுகள் காட்டுகின்றன. கடலடியிலிருந்து எடுத்த துண்டில் கந்தகம் 0.069 விழுக்காடு, பாஸ்பரஸ் 0.045, மாங்கனீசு 0.47 இருந்ததாகவும், உருட்டிய திசையில் வெட்டிய மாதிரிக்கு 20 ஜூல் அளவில் மாறுநிலை 32 டிகிரியும், குறுக்குத் திசையில் 56 டிகிரியும் வந்ததாகவும் 1998இல் வெளியான ஆய்வு கூறுகிறது; கப்பல் மோதியபோது கடல்நீர் உறைநிலைக்கும் சற்றுக் கீழே இருந்தது. கப்பல் மூழ்கியதற்கு எஃகே காரணம் என்று முடிவுகட்டுவது மிகை, ஏனெனில் தகடுகளை இணைத்த இரும்புத் தறையாணிகளின் கசடையும் மோதலின் இயல்பையும் சுட்டும் ஆய்வாளர்கள் உண்டு. எனினும் இரு திசைகளுக்கும் இடையிலுள்ள 24 டிகிரி வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. மாங்கனீசுச் சல்ஃபைடு மென்மையானது. எஃகை உருட்டும்போது அதுவும் நீண்டு நாடாவாகி, உருட்டிய திசைக்குக் குறுக்கே இழுக்கும்போது ஆயத்தமான விரிசல்போல் நடந்துகொள்கிறது. ஆகவே கந்தகத்தை மாங்கனீசிடம் ஒப்படைத்தது பாதி வேலைதான். இன்றைய ஆலைகள் கந்தகத்தை ஆயிரத்தில் சில பங்கு விழுக்காட்டுக்கு இறக்கி, எஞ்சியதைக் கால்சியம் ஊட்டி நீளாத உருண்டைகளாக்கிவிடுகின்றன. நொறுங்காமல் இழுபட்டு முறியும் எஃகில் விரிசல் வளர்வது அயற்துகள்களைச் சுற்றி நுண்குழிகள் தோன்றி ஒன்றோடொன்று இணைவதால்தான் என்பதால், எதையும் சேர்க்காமல் அழுக்கை நீக்குவது மட்டுமே முறிவெதிர்ப்பைப் பெரிதும் உயர்த்துகிறது.

இரண்டாம் உலகப் போரில் பற்றவைத்துக் கட்டிய கப்பல்கள் இந்தக் கேள்வியை ஆய்வகத்திலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுவந்தன. 1943 ஜனவரியில் போர்ட்லாந்து துறையில் அமைதியான நீரில் நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல் பேரொலியோடு இரண்டாகப் பிளந்தது. கூரிய மூலைகள், மோசமான பற்றவைப்பு, குளிர் ஆகியவை ஒருபுறமிருக்க, தகடுகளில் கார்பன் மிகுந்து மாங்கனீசு குறைந்திருந்ததும் காரணமாகக் கண்டறியப்பட்டது. தறையாணி அடித்த கப்பலில் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும் விரிசல், பற்றவைத்த கப்பலில் நிற்க இடமின்றி ஓடியது. போருக்குப் பின் வந்த கப்பல் எஃகு வரையறைகள் மாங்கனீசுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதத்தை உயர்த்தின. மாங்கனீசு கரைந்து தரும் சிறு வலிமை அங்கே முக்கியமல்ல, ஆஸ்டெனைட் ஃபெரைட்டாக மாறும் வெப்பநிலையை அது தாழ்த்தி மணிகளைச் சிறுக்கச் செய்வதே முக்கியம்.

எல்லையில் ஒதுங்குபவை

பாஸ்பரஸ் கரைசலாக மிகுந்த வலிமை தரும் என்பதை மேலே கண்டோம். தில்லி இரும்புத் தூணில் அது ஏறத்தாழ 0.25 விழுக்காடு இருப்பதும், அத்தூணின் துருவெதிர்ப்புக்கு அதுவே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பாலசுப்பிரமணியம் விளக்கியதும் பலரறிந்த செய்தி. தாங்கும் சுமை ஏதுமின்றி நிற்கும் தூணுக்கு அது கேடில்லை. சுழலும் பொறிக்கு நூற்றில் ஒரு பங்கு விழுக்காடே பெருங்கேடு.

குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகைக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்துத் தோய்ச்சலிட்டபின் 375 முதல் 575 டிகிரி வரையிலான வெப்பநிலையில் நெடுநேரம் வைத்தாலோ, அந்த இடைவெளியை மெதுவாகக் கடந்து குளிரவிட்டாலோ, வலிமையில் மாற்றமின்றியே எஃகு நொறுங்கும் இயல்பைப் பெறுகிறது. பதப்படுத்தல் நொறுங்கமை எனப்படும் இந்த நோயின் காரணத்தை, முறிந்த பரப்பின் முதல் சில அணு அடுக்குகளை மட்டும் பகுத்துக்காட்டும் ஓஷே நிறமாலைமுறை வந்தபின் நேரடியாகக் காண முடிந்தது. பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆன்டிமனி, ஆர்செனிக் ஆகியவற்றின் அணுக்கள் அந்த வெப்பநிலையில் மணி எல்லைகளுக்கு நகர்ந்து குவிந்து, மணிகளைப் பிணைக்கும் வலுவைக் குறைத்துவிடுகின்றன. முறிவு மணிகளின் ஊடாகச் செல்லாமல் எல்லை வழியே ஓடுகிறது. 1969 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயிண்ட் அணுமின் நிலையத்தில், மிகைவேகச் சோதனைக்காகச் சுழற்சி கூட்டப்பட்டபோது நீராவிச் சுழலியின் வட்டு ஒன்று வெடித்துச் சிதறியது. மூன்று விழுக்காடு குரோமியமும் மாலிப்டினமும் கொண்ட அந்த வட்டு, உலையிலேயே மெதுவாகக் குளிர்ந்ததால் நொறுங்கமை பெற்றிருந்தது. சாவித்தடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு வளர்ந்திருந்த விரிசல், பல டன் எடையுள்ள சுழலியை உடைக்கப் போதுமானதாயிற்று. கலவை வரையறைப்படியே இருந்தது, அணுக்கள்தாம் இடம்மாறியிருந்தன.

மாலிப்டினத்தை அரை விழுக்காடு அளவில் சேர்த்தால் இந்நோய் பெரிதும் தணிகிறது. மாங்கனீசும் சிலிக்கானும் அதை வளர்க்கின்றன. வியப்பானது என்னவென்றால் கார்பனும் போரானும் எல்லையில் அமரும்போது பிணைப்பை இறுக்குகின்றன. கார் உடல்தகடுகளுக்காகக் கார்பனையும் நைட்ரஜனையும் டைட்டேனியத்தால் முழுதும் கட்டிவிட்ட மிக மென்மையான எஃகு, ஆழமாக இழுத்து அழுத்தியபின் சிறு அடியில் எல்லை வழியே பிளந்துவிடும் குறை இதனால் நேர்ந்தது. எல்லையைக் காக்கக் கார்பன் இல்லாதபோது பாஸ்பரஸ் அங்கே குடியேறிவிடுகிறது. பத்து லட்சத்தில் சில பங்கு போரான் சேர்த்ததும் அந்தக் குறை நீங்கியது.

நிக்கலின் தனியிடம்

ஃபெரைட்டில் கரைந்துகொண்டே மாறுநிலையைத் தாழ்த்தும் தனிமம் நிக்கல் ஒன்றே என்று சொல்லலாம். கடுங்குளிரிலும் பிறழ்வுக்கோடுகள் ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்குத் தாவுவதை அது எளிதாக்குவதாகக் கருதப்படுகிறது. 1944 அக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், 3.5 விழுக்காடு நிக்கல் எஃகால் ஆன திரவ இயற்கை எரிவாயுத் தொட்டி உடைந்து தீப்பிடித்ததில் 130 பேர் மாண்டனர். எரிவாயு திரவமாக இருக்கும் மைனஸ் 162 டிகிரிக்கு அந்த அளவு நிக்கல் போதவில்லை. பின்னர் வந்த 9 விழுக்காடு நிக்கல் எஃகு மைனஸ் 196 டிகிரியிலும் மோதல் சோதனையில் தேறுகிறது. இங்கே நிக்கல் கரைசலாக மட்டும் வேலை செய்யவில்லை. 570 டிகிரி அளவில் மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்தும்போது, கார்பனும் நிக்கலும் செறிந்த மெல்லிய ஆஸ்டெனைட் படலங்கள் மீண்டும் முளைத்து, ஃபெரைட்டின் எல்லைகளில் கெட்டியான சிமென்டைட் உருவாக வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தீங்கு செய்யும் கார்பனையும் அவையே உறிஞ்சிவிடுகின்றன. இப்படலங்கள் சில விழுக்காடே இருந்தாலும் அவை இல்லாத அதே கலவை அந்தக் குளிரைத் தாங்குவதில்லை.

தோய்ச்சலும் பதமும்

ஆஸ்டெனைட் நிலைக்குக் காய்ச்சிய எஃகைத் திடீரெனக் குளிர்வித்தால், வெளியேற நேரமில்லாத கார்பன் அணிக்கோவையிலேயே சிக்கி, மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடிய அமைப்பு உருவாகிறது. அதன் கடினத்தன்மை ஏறக்குறைய முழுவதும் கார்பனைப் பொறுத்தது. குரோமியம், மாங்கனீசு, மாலிப்டினம், நிக்கல் ஆகியவை அதைக் கூட்டுவதில்லை. பெர்லைட் உருவாவதைத் தாமதப்படுத்தி, தடித்த உறுப்பின் நடுப்பகுதி வரை கடினமாக வழிசெய்கின்றன. 0.002 விழுக்காடு போரான் மணி எல்லைகளை அடைத்துக்கொண்டு இதே பணியை மிக மலிவாகச் செய்கிறது.

கலப்பு எஃகைப் பற்றிய முறையான ஆராய்ச்சியின் தொடக்கமே தென்னாட்டு எஃகோடு தொடர்புடையது. தமிழகம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளிலிருந்து சென்ற ஊட்ஸ் என்னும் மூசை எஃகை 1819இல் பகுத்தாராய்ந்த மைக்கேல் ஃபாரடே, அதன் சிறப்புக்கு அலுமினியமும் சிலிக்கானும் காரணம் என்று தவறாக முடிவு செய்து, அடுத்த ஆண்டு ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். ஊட்ஸின் வரியோட்டத்துக்கு வனேடியம் போன்ற கார்பைடாக்கிகளின் மிகச் சிறிய தடமே காரணம் என்று 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெர்ஹோவன் காட்டினார். ஒன்றரை விழுக்காடு கார்பன் கொண்ட அந்த எஃகு வாளின் விளிம்புக்கு ஏற்றதே ஒழிய, இன்றைய அளவில் முறிவெதிர்ப்பு மிக்கது என்று கொண்டாடத்தக்கதல்ல.

மேலே சொன்ன மார்ட்டென்சைட்டை அப்படியே பயன்படுத்த முடியாது. மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். 300 டிகிரியை ஒட்டிச் சூடேற்றினால் சிமென்டைட் படலங்கள் எல்லைகளில் படிந்து முறிவெதிர்ப்பு சரிகிறது. விமானச் சக்கரத்தாங்கிகளில் பயன்பட்ட 4340 எஃகில் 0.4 விழுக்காடு கார்பனோடு நிக்கல், குரோமியம், மாலிப்டினம் உள்ளன. அதிலேயே சிலிக்கானை 1.6 விழுக்காட்டுக்கு உயர்த்திப் பெற்றது 300எம் என்னும் எஃகு. சிலிக்கான் சிமென்டைட்டில் கரையாது. தன்னை வெளியேற்றாமல் சிமென்டைட் வளர முடியாதபடி தடுத்து நொறுங்கும் வெப்பநிலையை மேலே தள்ளிவிடுகிறது. ஃபெரைட்டில் விரிசலுக்குத் துணைபோன தனிமம் இங்கே காவல் நிற்கிறது.

சிறு அளவின் பெரு விளைவு

1958இல் அமெரிக்காவில் வணிக அளவில் வந்த நையோபிய எஃகுகளும் அவற்றைத் தொடர்ந்த வனேடிய, டைட்டேனிய எஃகுகளும் இத்துறையின் உண்மையான திருப்பம் என்பது மிகையன்று. 9 விழுக்காடு நிக்கல் வாங்க முடியாத குழாய்ப்பாதைகளுக்கும் பாலங்களுக்கும் இவையே வழி திறந்தன. 0.03 விழுக்காட்டை ஒட்டிய நையோபியம் 1200 டிகிரியில் கரைந்து, தகட்டை உருட்டும்போது நுண்ணிய கார்பைடாகப் பிரிந்து, நசுங்கிய ஆஸ்டெனைட் மணிகள் மீண்டும் உருண்டு திரள்வதைத் தடுக்கிறது. அப்பம்போல் தட்டையான அம்மணிகளின் நெருங்கிய எல்லைகளிலிருந்து பிறக்கும் ஃபெரைட் மணிகள் ஐந்து மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். வலிமையை மணியிடமிருந்து பெற்றுக்கொண்டதால் கார்பனை 0.05 விழுக்காட்டு அளவுக்கு இறக்க முடிந்தது, பெர்லைட் மறைந்தது, பற்றவைப்பும் எளிதாயிற்று. வனேடியம் பெரும்பாலும் பிந்தி, ஃபெரைட்டுக்குள் துகளாகப் பிரிவதால் வலிமை தருகிறது. மாறுநிலையைச் சற்று ஏற்றவும் செய்கிறது. டைட்டேனிய நைட்ரைடு நானோமீட்டர் அளவில் இருந்தால் பற்றவைப்பின் அருகில் மணிகள் பெருக்காமல் காக்கும். உருகிய நிலையிலேயே பிரிந்து மைக்ரோமீட்டர் அளவுக் கனசதுரமாகிவிட்டால் அதன் கூர்மூலையிலிருந்தே பிளவு தொடங்கும்.

மிகுவலிமை எஃகுகளில் கார்பனை ஒதுக்கிவிடும் துணிவு 1960ஐ ஒட்டி வந்த மாரேஜிங் எஃகில் வெளிப்பட்டது. 18 விழுக்காடு நிக்கல், 8 கோபால்ட், 5 மாலிப்டினம், சிறிது டைட்டேனியம் கொண்ட இதில் கார்பன் அழுக்காகவே கருதப்படும். மென்மையான மார்ட்டென்சைட்டை 480 டிகிரியில் சில மணிநேரம் வைத்தால் நிக்கலும் டைட்டேனியமும் மாலிப்டினமும் கூடிய நுண்துகள்கள் பிரிந்து, 1700 மெகாபாஸ்கல் இளகு வலிமையும் 100ஐ ஒட்டிய முறிவெதிர்ப்பும் கிடைக்கின்றன. அதே வலிமையில் 4340க்கு இதில் பாதியளவே வரும். பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் முதல் கட்டத் திண்ம எரிபொருள் கூடு இவ்வகை எஃகால் ஆனது. கோபால்டையும் நிக்கலையும் கூட்டி, கார்பனைக் கால் விழுக்காட்டுக்குள் நிறுத்திச் சிமென்டைட்டுக்குப் பதிலாக நுண்ணிய மாலிப்டினக் கார்பைடுகளை வளர்க்கும் ஏர்மெட் 100 இன்னும் மேலே செல்கிறது. எனினும் மிகுவலிமை கொண்ட இவ்வெஃகுகள் அனைத்திலும் பத்து லட்சத்தில் சில பங்கு ஹைட்ரஜன் விரிசல் நுனியில் கூடினாலே கணக்கு பொய்த்துவிடுகிறது. பாதீஷியாவும் குழுவினரும் சிலிக்கான் மிகுந்த எஃகை 200 டிகிரியில் பல நாள் வைத்துப் பெற்ற, 20 முதல் 40 நானோமீட்டர் தட்டுகளால் ஆன பெய்னைட் என்னும் அமைப்பு 2300 மெகாபாஸ்கலை எட்டியும், முறிவெதிர்ப்பு 30 முதல் 40 அளவிலேயே நிற்கிறது. மலிவான கலவையால் பெற்ற வலிமைக்கு அது குறைவன்று, விமானத்துக்கு அது போதாது.

தாமிரத்தை விட்டுவிட்டால் இந்தப் பார்வை முழுமை பெறாது. திட்டமிட்டுச் சேர்த்தால் நுண்துகளாகப் பிரிந்து கடற்படைத் தகடுகளுக்கு வலுவூட்டும் இத்தனிமம், அணு உலைக் கலங்களில் 290 டிகிரியில் நியூட்ரான் தாக்கத்தால் அதே நுண்துகளாகப் பிரிந்து மாறுநிலையை ஆண்டுதோறும் ஏற்றிவிடுகிறது. பிந்தைய கலங்களில் அது 0.1 விழுக்காட்டுக்குக் கீழே வரையறுக்கப்பட்டது. பழைய இரும்பை மின்னுலையில் உருக்கும் வழக்கம் பெருகப் பெருக, மோட்டார்ச் சுருள்களோடும் கம்பிகளோடும் சேர்ந்து வரும் தாமிரமும் வெள்ளீயமும் எஃகில் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகின்றன, ஏனெனில் இரும்பைவிட ஆக்சிஜன் நாட்டம் குறைந்த இவை கசடோடு வெளியேறுவதில்லை. 1100 டிகிரியில் மேற்பரப்பின் இரும்பு துருச்செதிலாகிக் கழியும்போது எஞ்சும் தாமிரம் உருகி மணி எல்லைகளுக்குள் இறங்கி உருட்டும்போதே வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெள்ளீயம் அதை மோசமாக்குகிறது, நிக்கல் சற்றுத் தணிக்கிறது. தாங்கும் அளவைக் கண்டறிவதும், பழைய இரும்பை உலைக்குப் போகுமுன் தரம் பிரிப்பதும், சுரங்கத்திலிருந்து வந்த இரும்பைக் கலந்து நீர்க்கச் செய்வதுமே இப்போதைக்கு ஆலைகள் கையாளும் வழிகள்.